மோனேயின் ‘வசந்தம்’: மரநிழலுக்குள் வெயிலைத் தீட்டிய விதம்

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், வால்ட்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில், 50 செ.மீ. உயரமும் 65.5 செ.மீ. அகலமும் கொண்ட ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. 1872 வாக்கில் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே வரைந்தது. ‘வசந்தம்’ என்று பெயர். ‘வாசிப்பவள்’ என்றும் சொல்வதுண்டு. லைலாக் என்ற பூஞ்செடிகளின் நிழலில் ஒரு பெண் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் தொப்பி, குனிந்த முகம், கையில் புத்தகம். இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை மஸ்லின் பாவாடை அவளைச் சுற்றி அகலமாக விரிந்து கிடக்கிறது. பின்னால் முழுக்க இலைதான். பாவாடையின் மேலும் புல்லின் மேலும் வெயில் திட்டுத்திட்டாக விழுந்திருக்கிறது.

படத்தில் மற்ற எல்லாமே அந்த வெயில் திட்டுகளுக்காகத்தான் அமைந்திருக்கின்றன. அவள் ஓய்வாக உட்கார்ந்திருப்பது, படித்துக்கொண்டிருப்பது, பாவாடை அத்தனை விரிந்திருப்பது, கேன்வாஸ் இவ்வளவு சிறியதாக இருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தொழில் சார்ந்த காரணம் உண்டு. அழகான தோட்டக் காட்சி என்று பார்த்துவிட்டு நகர்ந்தால் அந்தக் காரணங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

பெரிய கேன்வாஸிலிருந்து சிறிய கேன்வாஸுக்கு

மரத்தடியில் மனிதர்களை உட்காரவைத்து வரையும் ஆசை மோனேயிடம் 1872-இல் பிறந்ததல்ல. 1865-66-இல், இருபத்தைந்து வயதில், ‘புல்வெளியில் பகலுணவு’ என்ற ஓவியத்தைத் தொடங்கினார். 4 மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 6 மீட்டர் அகலம், ஆளுயர உருவங்கள். பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனுக்கு அனுப்பும் எண்ணம். ஃபோந்தேன்புளோ காட்டில் சிறு படங்களாக வரைந்து எடுத்து, பெரிய கேன்வாஸை ஸ்டூடியோவில் தீட்டினார். கெடு நெருங்கியும் முடியவில்லை, கைவிட்டார். பின்னாளில் அந்தக் கேன்வாஸ் வாடகைப் பாக்கிக்கு ஈடாக வீட்டுக்காரரிடம் போய், ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்தது. 1884-இல் மீட்ட மோனே அதை வெட்டித் துண்டாக்கினார். இரண்டு துண்டுகள் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அடுத்த முயற்சி 1866-67-இல் வரைந்த ‘தோட்டத்தில் பெண்கள்’. இது 255 × 205 செ.மீ. இம்முறை கேன்வாஸையே வெளியில் வைத்து வரைவது என்று முடிவெடுத்தார். மேல்பகுதி எட்டவில்லை என்பதால் தோட்டத்தில் பள்ளம் தோண்டி, கப்பி கட்டி, கேன்வாஸை அதற்குள் இறக்கி வேலை செய்தார். கடைசிக் கட்டத்தை ஸ்டூடியோவில்தான் முடிக்க வேண்டியிருந்தது. 1867-இல் சலோன் அதை நிராகரித்தது. நண்பரும் ஓவியருமான ஃபிரெதெரிக் பசீல் 2,500 பிராங்குக்கு, மாதம் 50 பிராங்கு தவணையில் வாங்கிக்கொண்டார். அந்த பசீல் 1870 நவம்பர் 28 அன்று பிரஷ்யப் போரில் உயிரிழந்தார். 1921-இல் பிரெஞ்சு அரசு அதே ஓவியத்தை 2,00,000 பிராங்கு கொடுத்து வாங்கியது.

அந்தப் பெரிய படத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று கவனிக்க வேண்டும். பாதையின் குறுக்கே ஒரே பெரிய நிழல், பாவாடையின் மேல் ஏறி, கத்தரித்ததுபோல் கூர்மையான ஓரத்துடன் நிற்கிறது. வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம். மாதக்கணக்கில் ஒரே கேன்வாஸில் வேலை செய்பவரால் அப்படித்தான் செய்ய முடியும். ஓரளவு நிலையாக நிற்கிற பெரிய நிழலைப் பிடிக்கலாம். இலைகளுக்கிடையே ஒழுகி ஓயாமல் நகர்கிற சில்லறை வெயிலை அந்த அளவில், அந்த வேகத்தில் பிடிக்கவே முடியாது.

போரின்போது லண்டனிலும் பிறகு ஹாலந்திலும் இருந்துவிட்டு 1871 டிசம்பரில் மோனே அர்ஜான்தேயில் குடியேறினார். பாரிஸிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர், செயின் நதிக்கரை, அடிக்கடி ரயில். மனைவி கமீல் தோன்சியூ (‘வசந்தம்’ படத்தில் இருப்பவர் இவர்தான்), 1867-இல் பிறந்த மகன் ழான், வாடகை வீடு, வேலியிட்ட தோட்டம். லண்டனில் அறிமுகமான வியாபாரி போல் துரான்-ருவேல் 1872-இல் படங்களைத் தொடர்ந்து வாங்கினார். அந்த ஆண்டு மோனேயின் வருமானம் 12,000 பிராங்கைத் தாண்டியது. சலோனுக்குப் பெரிதாக ஒன்று வரைந்தாக வேண்டும் என்ற நெருக்கடி குறைந்தது. வீட்டுச் சுவரில் மாட்டக்கூடிய சிறு படங்களுக்கு வாங்குபவர் இருந்தார்.

பிரான்ஸில் கேன்வாஸ் கடைகள் எண் போட்டு நிலையான அளவுகளில் விற்றன. ‘15-ஆம் எண்’ என்றால் நீளப்பக்கம் 65 செ.மீ. குறும்பக்கம் உருவப்படத்துக்கு 54, நிலக்காட்சிக்கு 50, கடற்காட்சிக்கு 46. ‘வசந்தம்’ 50 × 65.5. அதாவது ஒரு பெண்ணை நடுவில் வைத்து வரைந்த படத்துக்கு மோனே நிலக்காட்சி அளவை எடுத்திருக்கிறார். முகத்தை முதன்மையாக வைக்கும் ஓவியர் அகலவாக்கில் இப்படிப் பரந்த கேன்வாஸை எடுக்கமாட்டார். கையில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், சில அமர்வுகளில் முடிக்கக்கூடிய அளவும் இதுதான்.

வெயில் வட்டமாக விழுவது ஏன்

இலைகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் முக்கோணமாக, கோணல்மாணலாக, கீறலாக இருக்கும். ஆனால் தரையில் விழும் ஒளி பெரும்பாலும் வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும். ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஊசித்துளைக் கேமராவைப்போல் சூரியனின் பிம்பத்தைத் தரையில் போடுகிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கமும் இலங்கையின் வடக்கிலும் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, இதே விதியால்தான் மரத்தடியில் விழும் திட்டுகள் வளையங்களாக மாறின.

சூரியனின் தோற்ற அகலம் அரை டிகிரிக்குச் சற்று மேல். எனவே திட்டின் விட்டம், இலை இடைவெளிக்கும் ஒளி விழும் பரப்புக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு. 3 மீட்டர் உயரத்திலிருந்து வந்தால் கிட்டத்தட்ட 2.8 செ.மீ.; 1 மீட்டரிலிருந்து வந்தால் 1 செ.மீ.-க்கும் குறைவு. ஆகவே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தொப்பியிலும் தோளிலும் விழும் திட்டுகள், அதே கிளையிலிருந்து புல்லில் விழும் திட்டுகளைவிடச் சிறியதாகவும் ஓரம் தெளிவாகவும் இருக்கும். தரையில் விழுபவை பெரிதாகவும் மங்கலாகவும் இருக்கும். இடைவெளியே பெரிதாக இருந்தால் அதன் வடிவம் ஓரளவு அப்படியே தெரியும். பல இடைவெளிகளின் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மேகம் போன்ற ஓரம் வரும்.

எல்லாத் திட்டுகளும் ஒரே பிரகாசத்தில் இருப்பதும் இல்லை. 3 மீட்டர் உயரத்தில் 1 செ.மீ. இடைவெளி இருந்தால், அதன் திட்டின் நடுவில் நேர் வெயிலில் எட்டில் ஒரு பங்குதான் விழும். முழு வெயில் வேண்டுமென்றால் இடைவெளி 3 செ.மீ. அளவுக்காவது இருக்க வேண்டும். வெள்ளைப் பாவாடையில் முழு வெயில், அரை வெயில், கால் வெயில் எல்லாம் பக்கம் பக்கமாகக் கிடக்கும். புதிதாக வரைபவர்கள் எல்லாத் திட்டையும் ஒரே வெள்ளையில் வைத்துவிடுவார்கள். அப்போது படத்தில் வெயில் தெரியாது. துணியில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி இருக்கும்.

ஓவியருக்கு எல்லாவற்றையும்விடச் சங்கடமான விஷயம் இதன் வேகம். சூரியன் வானில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. தன் அகலத்துக்கு நகர ஏறக்குறைய 2 நிமிடம். எனவே திட்டு எத்தனை பெரியதானாலும் சிறியதானாலும் சுமார் 2 நிமிடத்தில் தன் விட்டத்துக்கு நகர்ந்துவிடும். காற்றடித்தால் அதுவும் இல்லை. தூரிகையில் வண்ணம் எடுத்து, கலந்து, கேன்வாஸில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அந்தத் திட்டு அங்கே இருக்காது. மோனே பாவாடையில் வைத்திருக்கும் திட்டுகள் எந்த ஒரு கணத்திலும் அதே இடங்களில் இருந்திருக்க முடியாது. ‘கண்ட கணத்தை அப்படியே பதிவு செய்தார்கள்’ என்று மோனேயும் அவர் நண்பர்களும் சேர்ந்த ஓவியர் குழுவான இம்ப்ரெஷனிஸ்டுகளைப் பற்றி வழக்கமாகச் சொல்வது இந்தப் படத்துக்குப் பொருந்தாது. அவர் நீண்ட நேரம் பார்த்து, திட்டுகள் எப்படி விழுகின்றன, எங்கே நெருங்குகின்றன, எங்கே நீளுகின்றன என்ற ஒழுங்கை மனத்தில் வாங்கிக்கொண்டு, அந்த ஒழுங்குப்படி தாமே வைத்திருக்கிறார்.

அசையாத ஓர் உருவம் அதற்கு மிகவும் உதவும். ஒளி நகர்கிறது, இலை ஆடுகிறது. மாதிரிக்கு உட்காருபவரும் அசைந்தால் பிடிமானமே இருக்காது. படிப்பது அதற்கேற்ற வேலை. கைக்கு இடம் உண்டு, தலை குனிந்தே இருக்கும், பார்வை ஓவியரைத் தேடி வராது, மணிக்கணக்கில் உட்காரலாம். குனிந்த முகம் தொப்பியின் நிழலில் அடங்கிவிடுவதால் முகபாவத்தை வரையும் வேலையும் இல்லை. விரிந்த பாவாடை ஒளி விழுவதற்கான வெள்ளைத் திரை. பச்சைப் புல்லில் திட்டுகள் அவ்வளவாக எடுபடாது; வெள்ளைத் துணியில்தான் ஒளியின் நிறமும் நிழலின் நிறமும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

வண்ணக் கணக்கு

கோடை நடுப்பகலில் திறந்த வெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி விழும். அடர்ந்த இலைக்குக் கீழே சில ஆயிரம்தான். வெயில் படும் வெள்ளைத் துணி, அதில் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். நிழலில் இருக்கும் கரும்பச்சை இலை மிகச் சிறு பங்கைத்தான் அனுப்பும். இவை இரண்டையும் ஒப்பிட்டால் பிரகாச வேறுபாடு பல நூறு மடங்கு. ஆனால் அறைச் சுவரில் தொங்கும் கேன்வாஸில், மிக வெளுத்த வண்ணத்துக்கும் மிகக் கறுத்த வண்ணத்துக்கும் வித்தியாசம் முப்பது மடங்கைத் தாண்டுவதே கடினம். வெளிச்சத்தின் அளவை அப்படியே வண்ணத்தால் காட்ட வழியே இல்லை.

பழைய ஓவியர்கள் இதற்குக் கண்ட வழி, நிழலைப் பழுப்பாகவும் கறுப்பாகவும் இறக்கி வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டுவது. அறைக்குள் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் அது பொருந்தும். திறந்த வெளியில் பொருந்தாது. அங்கே நிழலுக்குள்ளும் நாலாபக்கமும் ஒளி புகுகிறது. வானத்தின் நீலம் பக்கவாட்டிலிருந்து வரும். இலை வழியாக ஊடுருவிய ஒளி பச்சையாக மேலிருந்து வரும். புல்லில் பட்டுத் திரும்பிய ஒளி பச்சையாகக் கீழிருந்து வரும். வெள்ளைத் துணி இவை எல்லாவற்றையும் வாங்கிக் காட்டும். அதனால் மோனே கருமை வேறுபாட்டின் குறையை நிற வேறுபாட்டால் ஈடுகட்டினார். வெயில் படும் இடம் மஞ்சளும் இளஞ்சிவப்பும் சேர்ந்த வெதுவெதுப்பான வெள்ளை. நிழல் படும் இடம் நீலமும் ஊதாவும் பச்சையும் கலந்த குளிர்ந்த சாம்பல்.

நம் கண்ணும் இதற்குத் துணை செய்கிறது. பச்சைச் சூழலுக்கு நடுவே வெறும் சாம்பலை வைத்தாலே அது சற்றுச் சிவந்து தெரியும். மிஷெல் எய்ஜேன் செவ்ருல் என்ற வேதியியலாளர் சாயத் தொழிற்கூடத்தில் பணியாற்றும்போது இதைக் கவனித்து, 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். பாவாடையின் இளஞ்சிவப்பு இத்தனை உயிரோடு இருப்பதற்குத் துணியின் நிறம் பாதிக் காரணம் என்றால், சுற்றியிருக்கும் பச்சை மீதிக் காரணம்.

இதைச் செய்யத் தேவையான வண்ணங்கள் கடையில் கிடைத்தன. 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணத்தை அரைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைக்கும் தொல்லை ஒழிந்தது. கோபால்ட் நீலம் 1802-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் உருவாக்கியது. விலை மலிந்த செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1820-களின் இறுதியில் வந்தது. விரிடியன் பச்சைக்குக் கினியே 1859-இல் காப்புரிமை பெற்றார். இவை இல்லாமல் குளிர்ந்த நிழல் கிடையாது. 1905-இல் துரான்-ருவேலுக்கு எழுதிய கடிதத்தில் மோனே தம் வண்ணத் தட்டில் வைப்பவற்றைச் சொல்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. கறுப்பும் மண் வண்ணங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. 1872-இல் அவர் இந்த அளவுக்குக் கறாராக இருக்கவில்லை. ஆனாலும் போக்கு அதுதான்.

செய்து பார்ப்பவர்களுக்கு

இந்த மாதிரி வெயிலைத் தீட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் நான்கு கலவைகளைத் தயார் செய்துகொள்வது நல்லது: துணி வெயிலில், துணி நிழலில், புல் வெயிலில், புல் நிழலில். துணியின் நிழலுக்கு 6 பங்கு வெள்ளை, 1 பங்கு கோபால்ட் நீலம், அரைப் பங்கு மேடர் ரோஸ், கத்தி முனையளவு விரிடியன். துணியின் வெயிலுக்கு 12 பங்கு வெள்ளையில் கால் பங்கு காட்மியம் மஞ்சள், அதைவிடக் குறைவாக வெர்மிலியன். ஈய வெள்ளை நச்சு. டைட்டேனியம் வெள்ளையே போதும். அது மற்ற வண்ணங்களை அதிகமாக வெளுக்கவைக்கும் என்பதால் வெள்ளையின் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்க வேண்டும்.

வெளிர் சாம்பல் பூச்சு உள்ள கேன்வாஸில், பின்னணி இலைகளை மெல்லிய கரும்பச்சையாக முதலில் போட்டுவிட வேண்டும். அடுத்து, வெயில் என்ற ஒன்றே இல்லை என்று நினைத்துக்கொண்டு, பாவாடை முழுவதையும் நிழல் நிறத்திலேயே மடிப்புகளோடு தீட்ட வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘வெள்ளைத் துணியாயிற்றே’ என்று நிழலை வெளுக்கப் போட்டுவிடுகிறார்கள். பிறகு மேலே எத்தனை வெள்ளை வைத்தாலும் திட்டு எழும்பாது. ஏனென்றால் ஏறுவதற்கு இடமே இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பாவாடையின் நிழல் பாகம், வெயில் படும் புல்லைவிடக் கருமையாகத் தெரியும். அது நம்பச் சிரமமானது. ஆனாலும் அப்படியே தீட்ட வேண்டும்.

வெயில் திட்டுகள் கடைசியில்தான். நிழல் வண்ணம் ஈரமாக இருக்கும்போது அதன் மேல் திட்டு வைத்தால், தூரிகை அடியிலிருக்கும் நீலத்தை இழுத்துக்கொண்டு வெதுவெதுப்பைக் கெடுத்துவிடும். இரண்டு வழி உண்டு. தட்டைத் தூரிகையில் நிறைய வண்ணம் எடுத்து, ஒரே தொடுகையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடலாம். இரண்டாவது முறை தேய்க்கக் கூடாது. அல்லது அடிவண்ணம் காயும்வரை சில நாள் பொறுக்கலாம். மேடர் சிவப்பு மெதுவாகக் காய்வதால் அது சேர்ந்த நிழலுக்குக் கூடுதல் நாள் வேண்டும்.

திட்டின் வடிவம் அது விழும் பரப்பைப் பின்பற்ற வேண்டும். தட்டையான புல்லில், பார்ப்பவரின் கண் தாழ்வாக இருந்தால், வட்டம் நசுங்கிப் படுக்கைவாட்டு நீள்வட்டமாகும். பாவாடையின் மேடான மடிப்பில் ஏறும்போது வளையும், பள்ளத்தில் முறியும். ஒரே திட்டு பாதி புல்லிலும் பாதி துணியிலும் விழுந்தால், நிறம் மாறும், ஓரம் தொடரும். இந்தத் தொடர்ச்சி ஒன்று போதும், உருவம் தரையில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறது என்று நம்பவைக்க. திட்டுகளைச் சீராகப் பரப்பிவிட்டால் துணியில் அச்சிட்ட புள்ளிகளாகிவிடும். சில இடங்களில் கூட்டமாக, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல் விட வேண்டும்.

மேகமூட்டத்தில் ஒன்று, வெயிலில் ஒன்று

‘வசந்தம்’ தனியாக நிற்கும் படம் அல்ல. அதே அர்ஜான்தே தோட்டம், அதே காலம் (1872-73), ஏறக்குறைய அதே அளவு: பூத்த லைலாக் மரங்களும் அவற்றின் கீழே புல்லில் ஓய்வாக அமர்ந்த சிறு உருவங்களும் கொண்ட இரண்டு ஓவியங்கள். ஒன்று ‘லைலாக், மேகமூட்டம்’, ‘லைலாக் நிழலில் ஓய்வு’ என்றும் அழைக்கப்படுகிறது, ஓர்சேயில் இருக்கிறது. மற்றது ‘வெயிலில் லைலாக்’. மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரஷ்யத் துணி வணிகர் செர்கேய் ஷூகின் 1890-களின் கடைசியில் வாங்கியது. அவர் வாங்கிய முதல் மோனே அதுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெயில் என்ன செய்கிறது என்பது தெளிவாகும். மேகமூட்டத்தில் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக வருவதால் உருவங்களின் விளிம்பு தெரிகிறது. துணி துணியாக, புல் புல்லாக இருக்கிறது. வெயில் வந்ததும் பூக்கொத்துகள் பளிச்சிடுகின்றன. ஆனால் கீழே இருக்கும் மனிதர்கள் கரைந்துவிடுகிறார்கள். வெளிச்சம் கூடினால் தெளிவு கூடும் என்று நாம் நினைப்போம், இங்கே நேர்மாறு. திட்டுகள் உடலின் எல்லையை மதிப்பதில்லை. பாதித் தோள் புல்லோடு சேர்ந்து ஒளிர, மறு பாதி இலையோடு சேர்ந்து மங்குகிறது. ராணுவ உடையில் திட்டுகளைப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். மோனே பின்னாளில் வைக்கோல் போர்களையும் ருவான் பேராலயத்தையும் வெவ்வேறு ஒளியில் வரிசையாக வரைந்ததற்கு இந்த லைலாக் ஜோடியை ஒரு தொடக்கமாகப் பார்க்கலாம்.

என் கணிப்பில் மூன்றில் பால்ட்டிமோர் படமே வலுவானது. மாஸ்கோ படத்தில் ஒளி ஜெயித்து உருவம் தோற்கிறது. பாரிஸ் படத்தில் உருவம் நிற்கிறது, ஒளி அடங்கியிருக்கிறது. ‘வசந்தம்’ படத்தில் மோனே பெண்ணுக்கு நெருக்கமாக வந்து உட்கார்ந்து, பாவாடையைப் படத்தின் பெரும்பகுதியாக்கிவிட்டார். அதனால் திட்டுகள் எத்தனை விழுந்தாலும் உருவம் உடையவில்லை.

1876: அழுகிய சதை என்ற வசை

இந்தப் படம் 1876 ஏப்ரலில், பாரிஸில் லெ பெலெத்தியே தெரு 11-ஆம் எண்ணில் இருந்த துரான்-ருவேல் கூடத்தில் நடந்த இரண்டாவது இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டது. மோனே அதில் 18 படங்கள் வைத்திருந்தார். அதே கூடத்தில் சிவப்புக் கிமோனோ அணிந்த கமீலும் நின்றார்: ‘ஜப்பானியப் பெண்’, 2.3 மீட்டர் உயரம். எல்லார் கண்ணும் அங்கேதான் போனது.

ஆனால் இலை வழியாக விழும் வெயிலுக்கான அடி விழுந்தது இன்னோர் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியரான ரெனுவார் மீது. அவர் வைத்திருந்த ‘வெயிலில் உடல்’ படத்தில் பெண்ணின் வெற்றுடலில் மரநிழல் பச்சையாகவும் ஊதாவாகவும் விழுந்திருந்தது. ‘லெ ஃபிகாரோ’ நாளிதழில் விமர்சகர் ஆல்பர் வோல்ஃப் அதை அழுகிக்கொண்டிருக்கும் சதைக் குவியல் என்றும், அந்தப் பச்சை, ஊதாத் திட்டுகள் பிணம் முற்றாக அழுகியதன் அடையாளம் என்றும் எழுதினார். வசை கொடுமையானதுதான். ஆனால் அதற்குள் ஒரு கவனிப்பு இருக்கிறது. வோல்ஃப் நிறங்களைச் சரியாகவே பார்த்திருக்கிறார்; அவை தோலுக்குச் சொந்தமில்லை, ஒளிக்குச் சொந்தம் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. சலோன் மரபில் தோலின் நிறம் தோலுடையது. வெள்ளைத் துணியில் ஊதா நிழலைப் பொறுத்துக்கொண்ட கண்கள் தோலில் பொறுக்கவில்லை. மோனே திட்டுகளைப் பாவாடையில் நிறுத்திக்கொண்டது இந்த வகையில் தப்பித்தது எனலாம்.

கமீல் 1879 செப்டம்பர் 5 அன்று, 32 வயதில் இறந்தார். அதன்பின் மோனேயின் படங்களில் மனிதர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். 1886-இல் குடை பிடித்த பெண்ணை இரண்டு முறை வரைந்தார். மறு ஆண்டு விமர்சகர் தியொதோர் துரேக்கு எழுதும்போது, வெளிப்புற உருவங்களை நிலக்காட்சிபோல் வரைவதே தம் நெடுநாள் கனவு என்றார். 15 ஆண்டுகளுக்கு முன்பு நிலக்காட்சிக் கேன்வாஸில் கமீலை உட்காரவைத்து அவர் செய்து முடித்ததும் அதுதான்.

இன்று பார்க்கும்போது

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களைக் கெடுப்பதில் வார்னிஷுக்குப் பெரிய பங்கு உண்டு. இயற்கைப் பிசின் வார்னிஷ் சில பத்தாண்டுகளில் மஞ்சளிக்கும். பழைய இருண்ட படங்களில் அது ஓரளவு மறைந்துபோகும். இங்கே நிழல் நீலமாக, வெயில் மஞ்சளாக இருப்பதே படத்தின் ஆதாரம். மேலே மஞ்சள் படலம் ஏறினால் நீல நிழல் அழுக்குப் பச்சையாகும், வெள்ளை பழுப்பாகும், இரண்டுக்கும் இடையிலான தூரம் சுருங்கிப் போகும். வார்னிஷ் பூசினால் பளபளப்பும் வரும். மேட்டு வண்ணமும் மெல்லிய வண்ணமும் ஒன்றாகத் தோன்றும். அதே குழுவின் ஓவியர் பிஸ்ஸாரோ 1880-இல் வரைந்த ஒரு நிலக்காட்சியின் பின்புறம், தயவுசெய்து இதற்கு வார்னிஷ் பூச வேண்டாம் என்று எழுதியே வைத்தார். வாங்கியவர்களும் விற்றவர்களும் பெரும்பாலும் கேட்கவில்லை.

இரண்டாவது கேடு சிவப்புச் சாயங்கள் வெளுப்பது. செடி, பூச்சிகளிலிருந்து எடுத்த சிவப்புகள் வெளிச்சம் பட்டு மங்கும். சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள ரெனுவாரின் ‘மதாம் லெயோன் கிளாபிசோன்’ (1883) படத்தில் இன்று குளிர்ந்த சாம்பல்நீலமாகத் தெரியும் பின்னணி, முதலில் கொழுந்துவிடும் சிவப்பாக இருந்தது. சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் அந்தச் சிவப்பு அப்படியே இருந்ததால் தெரியவந்தது. அக்கால ஓவியத்தில் நீல நிழலைப் பார்க்கும்போது அதில் முன்பு கொஞ்சம் ஊதா இருந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்வது நல்லது. மூன்றாவது, கேன்வாஸின் பின்னால் மெழுகும் பிசினும் வைத்து இன்னொரு துணியைச் சூட்டோடு ஒட்டும் பழைய பராமரிப்பு முறை. அந்த அழுத்தத்தில் மேடாக வைத்த வண்ணம் தட்டையாகிவிடும். வெயில் திட்டுகள்தான் இப்படிப்பட்ட படங்களில் மேடாக நிற்பவை. முதலில் பாதிக்கப்படுவதும் அவைதான்.

திரையில் பார்ப்பவர்கள் கைப்பேசியின் நிறத்தை நம்ப வேண்டாம். பல பிரதிகளில் பாவாடையை வெறும் வெள்ளையாகவோ அதீத ரோஜா நிறமாகவோ ஆக்கிவிடுகிறார்கள். அருங்காட்சியகமே வெளியிடும் கோப்பைப் பெரிய திரையில் திறந்து, முதலில் 65 செ.மீ. அகலத்துக்குக் கொண்டுவந்து, 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்கலாம். அங்கிருந்து அது வெயில். பிறகு ஒரு முழம் தூரத்துக்கு வந்து ஏதாவது ஒரு திட்டின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தூரிகை எந்தத் திசையில் நகர்ந்தது, மடிப்பில் எங்கே நின்றது, புல்லிலிருந்து துணிக்கு ஏறும் இடத்தில் வண்ணம் எப்படி மாறியது என்பதெல்லாம் அங்கே தெரியும். படத்தை நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் பக்கவாட்டில் சாய்ந்து நின்றும் பார்க்க வேண்டும். எந்தத் திட்டு மேடாக இருக்கிறது, எது அடிவண்ணத்தோடு கலந்திருக்கிறது என்பதை அந்தக் கோணத்தில்தான் பிரித்தறியலாம்.